கொம்பில்லாத சிவதீரியம்

பொம்மை சேர்க்கும் நம் குழுவில் இரண்டு வாரமாக ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அழிந்துபோன விலங்குகளில் எதற்கு இனியாவது ஓர் ஒழுங்கான பொம்மை வர வேண்டும்? பல் மருத்துவருக்கு ஸ்டெகோடான் வேண்டுமாம். ஜாவாவில் வாழ்ந்த அந்த யானைக்குத் தந்தங்கள் இரண்டும் நெருங்கியிருக்கும், நடுவே தும்பிக்கை நுழைய இடமிராது, பக்கவாட்டில்தான் தொங்கியிருக்கும் என்கிறார். பொம்மை செய்கிறவர்கள் சாதாரண யானையைச் செய்து அந்தப் பெயரை ஒட்டி விற்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். ஜொகூர்க்காரருக்குக் கீழ்நோக்கி வளைந்த தந்தமுள்ள டைனோதீரியம் வேண்டும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் இன்னமும் டி-ரெக்ஸ் கேட்கிறார். அவர் திருந்த மாட்டார்.

எல்லாரும் அறுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். பேரப்பிள்ளைக்கு என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நமக்கு வாங்கிக்கொள்கிறவர்கள். ஒரு பொம்மைக்குக் கால்விரல் ஒன்று கூடிவிட்டது என்று வாரக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள். அதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் பதிலும் தெரியும், சிவதீரியம். ஒரு மாட்டைச் செய்து தலையில் இரண்டு கொம்பு கூடுதலாக ஒட்டிவிட்டு சிவதீரியம் என்கிறார்கள் என்று எத்தனை முறை புலம்பியிருக்கிறேன். அது மாடு இல்லை, ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு. கழுத்து குட்டை, தோள் மலைபோல இருக்கும். கண்ணுக்கு மேலே சின்னதாக இரண்டு கொம்பு, தலைக்குப் பின்னால் அகலமாக விரிந்த இரண்டு கொம்பு.

போன மாதம் ஒருவழியாக நல்ல சிவதீரியம் ஒன்று வெளிவந்தது. வாங்கிவிட்டேன் என்று குழுவில் எழுதினேன். அன்றிலிருந்து படம் போடுங்கள், படம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். படம் இல்லை. பொம்மையும் என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்று நாலு வரியில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதற்கு என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு அண்ணன் இருப்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் அவனைப் பற்றிய பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: அவன் வீட்டைக் கொளுத்தப் பார்த்தவன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவனை வீட்டைவிட்டு அனுப்பினார்கள். போன மாதம்வரை நானும் அதை நம்பினேன்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரில் தோ பாயோவில் இருந்தோம். ஒன்பதாவது மாடி, மூவறை வீடு. நான் தொடக்கநிலை இரண்டில் படித்தேன். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவன் பள்ளிக்குப் போகவில்லை. சேர்த்தார்கள், சில வாரங்களிலேயே ஆசிரியை திருப்பி அனுப்பிவிட்டார். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். நாள் முழுக்க அவன் வாயிலிருந்து நாலைந்து சொல் வந்தால் அதிகம். இப்போது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, தனிப் பள்ளிகள் இருக்கின்றன. அப்போது அக்கம்பக்கத்தில் அவனுக்கு வைத்திருந்த பெயர்களை எழுத எனக்கு மனமில்லை.

இருட்டு என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். விளக்கணைத்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும், அழுகையும் இல்லாமல் கத்தலும் இல்லாமல். அதனால் அம்மா சாமி அலமாரியில் காமாட்சி விளக்கை அணைக்காமல் விட்டுவிடுவார். அதற்குக் கீழேதான் அவனுடைய பாய். எண்ணெய் குறைந்தால் அம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து ஊற்றுவார். பித்தளையில் செய்த சின்ன விளக்கு, அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. அதன் பின்பக்கத்தில் கரி படிந்து லட்சுமியின் முகமே தெரியாது.

அப்பாவுக்கு ஜூரோங்கில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் வேலை. பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சுக்குள் அழுத்தும் இயந்திரம் ஒன்றை ஓட்டினார். வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் காய்ந்த பாலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம் இருக்கும். குளித்தாலும் போகாது. வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் பொம்மைகள் அவை. அந்த வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஆதிகால விலங்குகள் என்று ஒரு வரிசை ஓடத் தொடங்கியது. அச்சு சரியாக நிரம்பாமல் வருவதை ஒதுக்கி, அரைத்து, மறுபடி உருக்குவார்கள். பிள்ளைகள் உள்ளவர்கள் ஒதுக்கியதில் ஒன்றிரண்டை எடுத்துப்போனால் மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் இருப்பாராம். அப்பா காலித் தூக்குச்சட்டிக்குள் போட்டுக் கொண்டுவருவார்.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வால் இல்லாத மாமூத் வந்தது, ஒரு கால் சூம்பிய காண்டாமிருகம் வந்தது, முதுகில் குழி விழுந்த பெரிய ஆமை வந்தது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தூக்குச்சட்டியைத் திறக்கும்போது புளிக்குழம்பு வாடையோடு சேர்ந்து வெளியே வரும். அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கி முகர்ந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகுதான் தரையில் நிறுத்துவான். அவன் யாரிடமாவது எதையாவது கைநீட்டி வாங்கி நான் பார்த்தது அப்போதுதான். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது, சந்தோஷப்படலாமா என்று யோசிக்கிற முகம்.

பழைய சாமான் வாங்கிப் போகும் கரங்குனிக்காரர் வாரம் ஒருமுறை ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார். ஒருநாள் செய்தித்தாள் கட்டுக்குப் பதிலாக அவரிடமிருந்து அம்மா ஒரு படப் புத்தகம் வாங்கினார். அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம், உள்ளே எல்லாம் ஆதிகால விலங்குகள். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பொம்மையையும் அதன் படத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். நாலு கால், குட்டைக் கழுத்து, தலையில் ஏதோ முறிந்த மாதிரி முண்டுகள் உள்ள ஒன்று மட்டும் எங்களுக்கு என்னவென்றே விளங்கவில்லை. அவன் நேராக ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தான். மரத்தடியில் ஒரு விலங்கு, வாயில் ஒரு கொத்து இலை, தலைக்குப் பின்னால் விரிந்த கொம்பு. அப்பா அதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்தியாவில் சிவாலிக் மலைப்பக்கம் எலும்பு கிடைத்ததால் சிவன் பெயர் வைத்தார்கள் என்று போட்டிருந்ததாம். அம்மாவுக்கு அது போதும். எங்கள் அலமாரியில் சிவன் படம் உண்டு, நந்தி இல்லை. மாடு மாதிரிதானே இருக்கிறது என்று படத்துக்கு எதிரே அதை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அதன் நெற்றியிலும் குங்குமம் வைத்தார்.

கொம்பு ஏன் இல்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அச்சில் கொம்பு இருக்கிறது, ஆனால் அது மெலிசான கடைசி மூலை, உருகிய பிளாஸ்டிக் அங்கே போவதற்குள் ஆறி நின்றுவிடுகிறது என்றார். நூற்றில் பாதி அப்படித்தான் வருகிறதாம். அச்சு செய்தவன் யோசித்திருக்க வேண்டும் என்று தலையசைத்தார். பொம்மை செய்கிறவர்களை இன்று நான் திட்டும்போதெல்லாம் அப்பாவின் அந்தத் தலையசைப்புதான் எனக்குள் வருகிறது.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வாசலில் சிவப்பு மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிடுவார். தரையில் சொட்டி உறைந்ததை அண்ணன் நகத்தால் சுரண்டி எடுத்து வந்தான். கையில் வைத்து இளக்கி, உருட்டி, அகட்டி, சிவதீரியத்துக்குக் கொம்பு வைத்தான். விழும். மறுபடி வைப்பான். முன்கொம்பு இரண்டும் நின்றுவிட்டன, பின்கொம்பு மட்டும் கனம் தாங்காமல் விழுந்துகொண்டே இருந்தது. சாம்பல் உடம்பில் சிவப்புக் கொம்போடு அது எதிலும் சேராத ஒன்றாக இருந்தது. பகலில் அவனோடு தரையில் இருக்கும், விளக்கேற்றும் நேரத்தில் அலமாரிக்குப் போய்விடும். அவனே கொண்டுபோய் விளக்குக்குப் பக்கத்தில் வைப்பான். அந்த நாட்களில் அவன் பேசினான். விலங்குகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வான், அப்பா படித்துக் காட்டிய அதே உச்சரிப்பில். என்னை "பாப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டான். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்.

மார்கழியில் அப்பாவின் கை இயந்திரத்தில் மாட்டியது. வலக்கையில் இரண்டு விரல் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வந்தவர் பெரிய கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியவில்லை. அம்மா எங்களுக்குத் தெரியாமல் குளியலறையில் அழுதார், தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு.

அப்பாவைப் பார்க்கப் பெரிய அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, சிராங்கூன் சாலையில் பூக்கடை வைத்திருந்தவர். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கதம்பமும் வெற்றிலையும் கொண்டுவந்து அலமாரியில் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். இது என்ன நந்தி, நாலு கொம்போடு என்று கேட்டார். தன் கையைப் பற்றி அல்லாமல் வேறு ஏதாவது பேசக் கிடைத்ததில் அப்பாவுக்கு நிம்மதி போலும். புத்தகத்தை இடக்கையால் எடுத்துப் புரட்டி, இது நந்தி இல்லை, எத்தனையோ காலத்துக்கு முன்னால் இருந்தது, இப்போது உலகத்திலேயே ஒன்றுகூட இல்லை, தரையில் கிடக்கிற மற்றதும் அப்படித்தான் என்று உற்சாகமாக விளக்கினார்.

அத்தை கையை உதறினார். "அப்போ எல்லாமே பூண்டோட அழிஞ்சு போனதா? அழிஞ்சு போனதைக் கொண்டாந்து சாமிக்கு முன்னால நிறுத்தி, குங்குமமும் வச்சிருக்கே. வீடு எப்படி புள்ள விளங்கும்?" என்று அம்மாவிடம் கேட்டார். பிறகு அப்பாவின் கட்டைப் பார்த்தார்.

அம்மா படிக்காதவர் இல்லை. ஆனால் அப்போது பயந்துபோயிருந்தார். பயந்தவருக்கு ஒரு காரணம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். இந்த வயதில் எனக்கு அது புரிகிறது. அத்தையைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை, அவர் இறந்து எத்தனையோ வருடமாகியும்.

போகி வந்தது. மாடி வீட்டில் பழசைப் போட்டுக் கொளுத்த ஏது இடம்? எங்களுக்குப் போகி என்றால் குப்பைக் குழாய்தான். இப்போதைய வீடுகளில் குப்பை போடத் தாழ்வாரத்துக்குப் போகிறார்கள். அப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டுச் சமையலறைச் சுவரிலும் ஓர் இரும்பு மூடி இருக்கும். இழுத்தால் வாய் திறக்கும். உள்ளே இருட்டு, கீழேயிருந்து புளித்த காற்று வரும். போட்டதெல்லாம் அடுக்குமாடிப் புளோக்கின் அடிவரை விழும்.

விடிந்ததும் விடியாததுமாக அம்மா ஆரம்பித்தார். கிழிந்த பாய், உடைந்த முறம், பழைய துணி. அதற்குப் பிறகு விலங்குகள். நான் பாயில் படுத்தபடி கேட்டேன். துணி விழுந்தால் சத்தம் வராது. அவை விழுந்தபோது சுவரில் மோதி மோதி, டக் டக்கென்று கீழே போய்க்கொண்டே இருந்து, பிறகு நின்றது. புத்தகமும் போனது. கடைசியாக அம்மா அலமாரியிலிருந்து சிவதீரியத்தை எடுத்தார். அதன் நெற்றியிலிருந்த குங்குமத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ஒரு பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் மெதுவாகத்தான் துடைத்தார். பிறகு மூடியை இழுத்தார்.

அண்ணன் எழுந்து வந்துவிட்டான். அழுவான், கத்துவான் என்று நினைத்தேன். அவன் மூடியில் காதை வைத்து நின்றான். அம்மா இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. அன்று முழுக்கச் சமையலறையிலேயே இருந்தான். மறுநாள் பொங்கல் பொங்கியபோதும் அங்கேதான் இருந்தான். சர்க்கரைப் பொங்கலைத் தொடவில்லை. பேச்சு நின்றுவிட்டது. விலங்குகளின் பெயர், பாப்பா, எல்லாம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் வீட்டுச் சாமான்களைக் குழாயில் போட ஆரம்பித்தான். அம்மா சந்தையிலிருந்து வாங்கி வந்த தண்டுக்கீரையை ஆய்ந்து வைத்துவிட்டுத் திரும்பினால் முறம் காலியாக இருக்கும். கங்கோங் கீரைக் கட்டு போனது. கறிவேப்பிலை போனது. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணத்தை நாற்காலி போட்டு அவிழ்த்துக் கொண்டுபோய்ப் போட்டான். அத்தை அடுத்த முறை கொண்டுவந்த வெற்றிலைக் கவுளி அப்படியே உள்ளே போனது. ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டுக் காதை வைத்து நிற்பான்.

அத்தைதான் தீர்ப்புச் சொன்னார், அவன் பொம்மையைப் போட்டதற்கு நம் சாமானைப் போட்டுப் பழி வாங்குகிறான் என்று. எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான். அம்மா கரண்டிக் காம்பால் அடித்தார். அடித்துவிட்டு எண்ணெய் தேய்த்துவிட்டார். அவன் மறுநாளும் போட்டான். அப்பா ஒரு கம்பியை எடுத்து, நல்ல கையால் மூடியைச் சுற்றிக் கட்டினார். அப்பாவைத் தொழிற்சாலையில் வாசல் காவலுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அவரால் இனிமேல் விலங்குகளைக் கொண்டுவர முடியாது.

சீனப் புத்தாண்டு நெருங்கிய நேரம். எல்லா வீட்டிலும் சுத்தம் செய்து அட்டைப்பெட்டியும் காகிதமுமாகக் குழாயில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டு வாசலில் சீன ஆன்ட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கம்பியைப் பிரித்தான். அலமாரியிலிருந்து காமாட்சி விளக்கை எடுத்தான், எரிய எரிய. அம்மா திரும்பிப் பார்த்தபோது அவன் அதை இரண்டு கையிலும் ஏந்தி, காற்றுப் படாமல் உடம்பைச் சாய்த்துக்கொண்டு, அடி அடியாக நடந்து போனான். அம்மா ஓடி வருவதற்குள் குழாய்க்குள் விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் புளோக் முழுக்கப் புகை. ஒவ்வொரு வீட்டுச் சமையலறைச் சுவரும் புகைவிட்டது. ஜனங்கள் படியில் இறங்கி ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. மேல்மாடியில் மூச்சுக் கோளாறு உள்ள ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று கீழே நின்ற கூட்டத்தில் எல்லாரும் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அண்ணன் மட்டும் மேலே அண்ணாந்து எங்கள் சமையலறை ஜன்னலையே பார்த்தபடி நின்றான்.

அம்மா கேட்டவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "வெளக்கு அணையாம பத்திரமா எடுத்துட்டுப் போனான். நானே பாத்தேன். தெரிஞ்சுதான் செஞ்சான்." சுடர் அணையாமல் கொண்டுபோனதுதான் அவனுக்கு எதிரான சாட்சி ஆனது. அரசாங்கம் வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பெண் குழந்தை இருக்கிற வீடு என்று அத்தை என்னைக் காட்டிச் சொன்னார். அத்தையின் கணவருக்கு இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லத்தில் ஆள் பழக்கம் இருந்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று அப்பா சொன்னார். எல்லாரிடமும் அதையே சொன்னார்.

டாக்சி வந்து நின்ற பிறகு, அவன் சமையலறைக்குப் போய் மூடியில் காதை வைத்தான். மறுபடி எதையோ செய்யப்போகிறான் என்று அம்மா பதறி அவனை இழுத்துக்கொண்டு வந்தார். அவன் கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்த சத்தம் இப்போதும் கேட்கிறது. அந்தப் பருவம் அதோடு முடிந்தது. அந்த வருடம் நான் தொடக்கநிலை மூன்று. எனக்குத் தனியாக ஒரு பாய் கிடைத்தது. அம்மா வேறு விளக்கு வாங்கினார், ஆனால் படுக்கப் போகும்போது அதை மலையேற்றிவிடுவார்.

கொஞ்ச நாள் என்பது இத்தனை வருடமானது. இல்லங்கள் மாறின. அப்பா போனார். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு பேருந்து மாறி மாறிப் போய் அவனைப் பார்த்தார். அவன் அம்மாவைப் பார்க்க மாட்டான், கேசரியை மட்டும் சாப்பிடுவான். பொங்கோலில் என் வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் அடிக்கடி என்னிடம் கேட்பார், "ஏன் பாப்பா என் வெளக்கப் போட்டான்? அவன் தூங்கத்தானே அத அணைக்காம வச்சிருந்தேன்." கோபத்தில் செய்திருப்பான் அம்மா, விடுங்கள் என்பேன். அந்தக் கேள்வியோடுதான் அம்மா போனார்.

நான் ஏன் இந்தப் பொம்மைகளைச் சேர்க்கிறேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் அறிவியல் ஆர்வம் என்று சொல்லி மழுப்பியிருக்கிறேன். முதல் சம்பளத்திலிருந்தே சிவதீரியத்தைத்தான் தேடினேன். கிடைத்ததெல்லாம் மாடு. ஒவ்வொன்றையும் வாங்கி, பார்த்து, பெட்டிக்குள் போட்டுவிடுவேன். ஒன்றைக்கூட அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டத் தோன்றவில்லை. கொம்பு சரியில்லாததை அவன் முன்னால் எப்படி நீட்டுவது?

போன மாதம் வந்தது சரியாக இருந்தது. தோள், கழுத்து, நுனிவரை நிறைந்த கொம்பு, எல்லாம். படம் எடுக்கக்கூட நிற்காமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது அவன் இருக்கும் இல்லம் கிராஞ்சிப் பக்கம். பேருந்து எப்போதாவதுதான் வரும். நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். நீளமான கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஓரத்தில் இருந்தான், தலை முழுக்க நரைத்து, அப்பாவின் சாயலில்.

பொம்மையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் பார்க்கவில்லை. பிறகு கை மட்டும் வந்தது. எடுத்தான். முகர்ந்தான். கன்னத்தில் வைத்தான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. விரலால் முன்கொம்பு இரண்டையும் தொட்டான், பிறகு பின்கொம்பை. நுனியை அழுத்திப் பார்த்தான், விழுகிறதா என்று.

"கொம்பு இருக்கு," என்றான்.

கரகரத்த கிழவர் குரல். அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டான். பொம்மையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அடி அடியாக, கூடத்தின் மூலையிலிருந்த பெரிய பச்சைக் குப்பைத்தொட்டிக்குப் போனான். மூடியைத் தூக்கி உள்ளே விட்டான். மூடினான். மூடியில் காதை வைத்து நின்றான்.

அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடி வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். எச்சிலெல்லாம் கொட்டுவதற்குள் எடுத்துக் கழுவித் தருகிறேன் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன், ஏனென்று அப்போது எனக்கே தெரியாது. அவள் எனக்கு ஆறுதலாகச் சொல்ல நினைத்தாள்.

"நீங்க வருத்தப்படாதீங்கம்மா. ஐயா இப்படித்தான். கீரை வச்சா ஒரு வாய் சாப்பிட மாட்டாரு. அள்ளிட்டுப் போயி தொட்டியில போட்டுட்டு, இப்படியே காத வச்சு நிப்பாரு. முன்னாடி இருந்தவங்க காலத்துலேர்ந்தே அப்படித்தானாம். ஐயாவுக்குக் கீரை புடிக்காதுன்னு வைக்கறதையே விட்டுட்டோம்."

தண்டுக்கீரை. கங்கோங். கறிவேப்பிலை. மாவிலை. வெற்றிலை. எல்லாம் இலை. அந்த வீட்டில் அவன் ஒரு கரண்டியைப் போட்டதில்லை, ஒரு செருப்பைப் போட்டதில்லை, எங்களுடைய ஒரு துணியைக்கூடப் போட்டதில்லை. புத்தகத்தில் அது வாயில் இலையோடு நின்றது. விழுந்தவை உள்ளேதான் இருக்கின்றன என்று அவன் நம்பினான். குழாய்க்கு அடி உண்டு, அங்கே வண்டி வந்து அள்ளிப் போகிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பசிக்கும் என்று தீனி போட்டான். அதற்காக அடி வாங்கினான். உள்ளே இருட்டாக இருந்தது, அதனால் தன் தூக்கத்துக்கு வைத்த விளக்கை, அணைந்துவிடாமல், அவற்றுக்குக் கொடுத்தான். இன்று கொம்போடு வந்ததையும் மற்றவற்றிடம் அனுப்பிவிட்டான்.

அம்மா, அவன் வீட்டைக் கொளுத்தவில்லை. இதைச் சொல்ல நீங்கள் இல்லை.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் இன்னும் காதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இனிமேல் அவனுக்குக் கீரை வைக்க முடியுமா என்று அவளிடம் கேட்டேன்.

"வைக்கலாம்மா. ஆனா கொண்டுபோயி கொட்டிருவாரே."

"கொட்டட்டும்," என்றேன். "தெனமும் வைங்க."